பழைய ஜிபிஎஸ்ஸில் உள்ள பார்களைப் புதியதில் ஏற்ற உதவி வேண்டும்

அண்ணன்மாருக்கு வணக்கம். குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து எழுதுகிறேன். அப்பா ஃபைபர் வள்ளத்தில் தூண்டில் தொழில் செய்கிறார். பதினொரு வருடம் அவர் கையில் இருந்த ஜிபிஎஸ்ஸின் பட்டன் ரப்பர் உப்பில் வெடித்து, உள்ளே ஈரம் இறங்கிவிட்டது. திரையில் பாதி கறுப்பு. போன வாரம் கார்மின் ஜிபிஎஸ்மேப் 79எஸ் வாங்கினோம். கடலில் விழுந்தாலும் மிதக்கும், இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், அதெல்லாம் சரி.

பழையதில் 300க்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு. கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் அடையாளமாகச் சேர்த்து இடம் குறிக்கும் கணியம் பார்த்துப் பிடித்தவை, சில தாத்தா காட்டியவை. யுஎஸ்பி ஒயர் மாட்டினால் கம்ப்யூட்டர் எடுக்கவில்லை.

நேற்று இரவு அப்பா நோட்டைப் பார்த்து வாசிக்க, நான் ஏற்றினேன். 8 டிகிரி 02.415 மினிட் என்றதை 8.02415 என்று போட்டுவிட்டேன் (இது உதாரணத்துக்கான எண், எங்கள் பார் இல்லை). மினிட்டை 60 ஆல் வகுத்திருக்க வேண்டும், சரியானது 8.04025. ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் வித்தியாசம்! அங்கே தூண்டில் போட்டால் வெறும் சேறுதான், மண்ணெண்ணெய்க் காசும் போச்சு.

இப்போது டிகிரி, மினிட் முறைக்கு மாற்றிவிட்டேன். பழையதில் டேட்டம் (இடத்தின் எண்களைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் பூமி அளவு முறை) ஜிபிஎஸ்ஸின் வழக்கமான டபிள்யூஜிஎஸ் 84 இல்லாமல் வேறாக இருந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நோட்டில் இல்லாத புள்ளிகள் நாற்பது இருக்கும். ஈரம் இறங்கிய கருவியிலிருந்து அவற்றை ஜிபிஎக்ஸ் கோப்பாக (வேறு ஜிபிஎஸ்ஸில் ஏற்றக்கூடிய புள்ளிக் கோப்பு) எடுத்துத் தருபவர்கள் நாகர்கோவில், தூத்துக்குடி பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அந்த நாற்பதை நினைத்து அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.