ஆபீஸ்ல உக்காந்தே இருந்தாலும் சாயங்காலம் ஓட முடியலயே, ஏன்?

செக்காலைக்காரன்:
காரைக்குடில ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. தைப்பூசத்துக்கு பழனி நடைப்பயணம் போணும்னு தினம் சாயங்காலம் 5 கிலோமீட்டர் ஓடுறேன். ஞாயித்துக்கிழமை சும்மா பறக்குது, ஆனா ஜிஎஸ்டி ரிட்டர்ன் டைம்ல பகல் பூரா பில்லு பில்லா டேலி பண்ணிட்டு ஷூ மாட்டுனா ரெண்டாவது கிலோமீட்டர்லயே உக்காந்துரலாம் போல இருக்கு, இத்தனைக்கும் சேரை விட்டே எந்திரிக்கல. ரத்தம் கித்தம் கம்மியோ?

தேவகோட்டை ரன்னர்:
தம்பி, இது மூளைச் சோர்வு. 2009ல சாமுவேல் மார்கோராங்கிற ஆராய்ச்சியாளரோட குழு 16 பேர வச்சுப் பாத்தாங்க. 90 நிமிஷம் கம்ப்யூட்டர்ல கவனமா செய்ற வேலை, அப்புறம் இனி முடியாதுங்கிற வரைக்கும் சைக்கிள் மிதிக்கணும். சும்மா டாக்குமெண்டரி பாத்துட்டு மிதிச்சப்ப சராசரி 754 செகண்ட், மூளையப் பிழிஞ்சிட்டு மிதிச்சப்ப 640தான். இதயம் எல்லாம் ரெண்டு தடவையும் பெரிய வித்தியாசம் இல்லாமதான் இருந்துச்சு, கஷ்டமா இருக்குங்கிற உணர்வுதான் சீக்கிரமே ஏறிருச்சு. ஆனா ஒரே மூச்சுல வெயிட் தூக்குற மாதிரி குட்டி வேலைய இது அவ்வளவா பாதிக்காது.

ஆச்சி வீட்டுப் பேரன்:
ரிட்டர்ன் வாரத்துல காலைலயே ஓடிருங்கண்ணே. இல்லன்னா வாட்ச்சை வீட்லயே கழட்டி வச்சுட்டு குன்றக்குடி ரோட்ல மெதுவா நடங்க, அந்த டைமிங்க பாத்துத்தான் பாதி மனசு விட்டுப்போகுது. படி ஏறவே மூச்சு வாங்குனா மட்டும் ஹீமோகுளோபின் பாத்துக்கங்க.

செக்காலைக்காரன்:
படியெல்லாம் ஏறிருறேண்ணே. நாளைக்கு அஞ்சரைக்கு எந்திரிச்சுப் பாக்குறேன், வீட்ல நம்ப மாட்டேங்குறாங்க.