அம்மாவின் வாய்ப்புண்ணுக்கு எழுதிய மருந்து: எங்கே கிடைக்கும், எப்படிக் கொடுப்பது?

குழு உறவுகளுக்கு வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு மதுரையில் கீமோதெரபி நடக்கிறது. நாக்கின் ஓரமும் உள்கன்னமும் புண்ணாகிவிட்டன. மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவர், இப்போது ஆறிய கஞ்சியைக் குடிப்பதற்கே கண்கலங்குகிறார். பார்க்கத் தாங்கவில்லை.

மருத்துவர் இரண்டு மருந்துகள் எழுதியிருக்கிறார். வலியைக் குறைக்கும் பென்சிடமின் 0.15 சதவீத மவுத்வாஷ் கிடைத்துவிட்டது. எரிந்தால் சம அளவு தண்ணீர் கலந்து கொப்பளிக்கலாம் என்றார், அப்படியே செய்கிறோம். மரத்துப்போகச் செய்யும் மருந்தான, கெட்டியாக இருக்கும் லிக்னோகைன் 2 சதவீதக் கரைசல்தான் பாம்பனிலும் மண்டபத்திலும் இல்லை. ஒரு கடையில் அதற்குப் பதிலாகச் சாதாரண மவுத்வாஷை நீட்டினார்கள். ஆல்கஹால் கலந்தது, புண்ணில் பட்டால் என்ன ஆகும்! வாங்கவில்லை. ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ எந்தக் கடையில் இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று. லிக்னோகைன் வாயையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்வதால், மரப்பு நீங்கும்வரை எதுவும் சாப்பிடக் கூடாது, புரையேறிவிடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். மரப்பு நீங்கினால் வலியும் திரும்புமே, கஞ்சியை எப்போது கொடுப்பது? வீட்டில் இதே சிகிச்சையைப் பார்த்தவர்கள் நேரத்தை எப்படி அமைத்துக்கொண்டீர்கள்? அடுத்த முறை மதுரை போகும்போது மருத்துவரிடமும் கேட்பேன், அதற்குள் அம்மா மெலிந்துவிடுவாரோ என்றுதான் பயம்.

மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால் எல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனவே கைவைத்தியம் வேண்டாம், இந்த மருந்தைப் பயன்படுத்திய அனுபவம் மட்டும் சொல்லுங்கள். காரமும் புளிப்பும் இல்லாமல் மீனை எப்படிச் சமைத்துக் கொடுக்கலாம் என்று தெரிந்தாலும் எழுதுங்கள், அவர் தினமும் கேட்கிறார்.