புதுப்பிப்பு: பிரைடல்வெயில் அருவிக்குச் சென்று வந்தேன்

பனியாறுகள் செதுக்கிய காட்டருவியைக் காண எந்தப் பருவம் ஏற்றது என்று முன் பதிவில் கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி வசந்தத்தின் பிற்பகுதியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவிலுள்ள இந்த அருவிக்குச் சென்று வந்தேன். முதன்மைப் பள்ளத்தாக்கைப் பெரும் பனியாறு ஆழமாகக் குடைந்துவிட, அந்த அளவுக்கு அரிக்கப்படாத கிளைப் பள்ளத்தாக்கு மேலேயே தொங்கி நின்றுவிட்டதால்தான், அதன் ஓடை இன்று ஏறத்தாழ 189 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. காற்று பலமாக அடிக்கும்போது நீர்த்திரை பக்கவாட்டில் விலகி, நனைந்து மின்னும் கிரானைட் சுவர் வெளியே தெரிகிறது. அந்தக் காட்சிக்காகவே போகலாம். மரங்களினூடே செல்லும் பாதை குறுகியதுதான். ஆனால் அருவியை நெருங்கும்போது சாரல் உடலை முழுவதுமாக நனைத்துவிடும் என்பதால் மழைச்சட்டை அவசியம். பாறைகள் மிகவும் வழுக்கும், தயவுசெய்து அவற்றின் மேல் ஏறாதீர்கள். கோடை முற்றினால் நீர்வரத்து வெகுவாக மெலிந்துவிடும்.