பம்ப் ஸ்டியருக்குத் (bump steer) தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

ஐயா, அண்ணன்மாரே, ஒரு அமெரிக்க ஹாட் ராட் (பழைய காரை வேகத்துக்காக மாத்திக் கட்டுறது) கையேடு மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுக்கணும். செவ்ரோலெட் வேகா கார்ல (1971–77) இருந்து கழட்டின பழைய ஸ்டியரிங் பாக்ஸை 1932 ஃபோர்டுல மாட்டுற வேலை. பாக்ஸ் சின்னது, வெயிட் கம்மி, லேசான வண்டிக்குப் பொருத்தம். ஆனா டிராக் லிங்க் (பாக்ஸிலேருந்து சக்கரத்தைத் திருப்புற தண்டு) குறுக்கால வலது சக்கரத்துக்குப் போகுது, ஸ்பிரிங் பட்டையும் குறுக்குல தான், மேடு ஏறும்போது ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைப் பிடிக்கிற ஆடுற இணைப்பு) ஆடி சேஸிஸ் பக்கவாட்டுல நகர்ந்துச்சுன்னா யாரும் தொடாமலே சக்கரம் திரும்பிடுது. அதான் பம்ப் ஸ்டியர். பாக்ஸுக்குத் 'திருப்பிப்பெட்டி'ன்னு போட்டிருக்கேன், இதுக்கு?
— சென்னை

தங்கச்சி, திருப்பிப்பெட்டி என்னத்துக்கு? எங்கட பக்கம் சுக்கான் எண்டால் ஸ்டியரிங் எண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். சுக்கான்பெட்டி எண்டு போடுங்கோ.
— யாழ்ப்பாணம்

சுக்கான் அரபுச் சொல் ஐயா, மீகான் இருக்கும்போது கடன் எதுக்கு? சரி, கேட்டதுக்கு வர்றேன். திருப்பு பிறவினை, திரும்பு தன்வினை. இங்க திருப்புறவர் யாரும் இல்லைங்கிறதுதானே கோளாறே, அதனால 'மேட்டுத்திரும்பல்'.
— மதுரை

மீகான் ஆளின்ர பேர், கருவியின்ர பேர் இல்லை. கப்பலில மீகான் பிடிக்கிறதுதான் சுக்கான்.
— யாழ்ப்பாணம்

பட்டறையில 'ஸ்டியரிங் வெட்டுது'ம்போம் கண்ணு. மேட்டுவெட்டுன்னு போடுங்க, எந்த மெக்கானிக்குக்கும் புரியும். பேரை விடுங்க, பன்ஹார்டு ராடு (அச்சையும் சேஸிஸையும் குறுக்கால பிடிக்கிற கம்பி) போடச் சொல்லி எழுதியிருக்கா பாருங்க. டிராக் லிங்குக்கு இணையா, கிட்டத்தட்ட அதே நீளத்துல இருக்கணும், அப்பத்தான் சேஸிஸ் நகராது. அந்த வரி விட்டுப்போச்சுன்னா உசுருக்கே ஆபத்துங்க.
— கோவை

மேட்டுவெட்டுன்னா மண்ணு வெட்டுற வேலைன்னுல்ல படிப்பாங்க! அதோட பள்ளத்துலயும் இது வருமே, நான் சொன்ன மேடும் தப்புதான். 'குலுங்குதிரும்பல்' வச்சுக்கலாம், வினைத்தொகை, ஒற்று மிகாது.
— மதுரை

ராடு வரி இருக்குண்ணே, தடிச்ச எழுத்துல போட்டுட்டேன். தனிமடல்ல வந்த மூணு பேரும் மேட்டுவெட்டு போதும்ன்னாங்க, நேரமும் இல்ல, அதையே வச்சுட்டேன். ஐயா மன்னிக்கணும், குலுங்குதிரும்பல் நாக்குல நிக்கல.
— சென்னை

சரி. ஆனா வினைத்தொகைல ஒரு தப்பும் இல்ல, அது பதிவா இருக்கட்டும்.
— மதுரை

சுக்கான்பெட்டியை அடைப்புக்குறிக்குள்ளயாவது போடுங்கோ தங்கச்சி. எங்கட பெடியளும் வாசிப்பினம்.
— யாழ்ப்பாணம்