கருப்பை வாய் 21 மி.மீ., இப்போது 20 வாரம்: தையல் போட்டவர்கள் இருக்கிறீர்களா?

நேற்றைய ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் 21 மில்லிமீட்டர் என்று வந்திருக்கிறது. 24 வாரத்துக்குள் 25-க்குக் கீழே போனால் குறைமாதப் பிரசவ ஆபத்து கூடும் என்பதால், கருப்பை வாய் முன்கூட்டியே திறந்துவிடாமல் இருக்க அதைச் சுற்றித் தையல் போடலாமா என்று யோசித்துச் சொல்லும்படி மருத்துவர் கேட்டிருக்கிறார். சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.

மூத்தவன் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டான். அன்று பெரிய வலி எதுவும் இல்லை. காலையிலிருந்து இடுப்பில் விட்டுவிட்டு ஓர் இழுப்பு, அடிவயிற்றில் கனம், அப்புறம் திடீரென்று பனிக்குடம் உடைந்துவிட்டது. இரட்டைக் கரு இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எதுவும் இல்லை. காரணம் கடைசிவரை தெரியவே இல்லை.

இந்த முறை நல்ல இடைவெளி விட்டுத்தான் கருத்தரித்தேன். 16 வாரத்திலிருந்து தினமும் இரவில் 200 மி.கி. புரோஜெஸ்டிரோன் (கர்ப்பத்தைத் தாங்க உதவும் ஹார்மோன்) மாத்திரையைப் பிறப்புறுப்பில் வைக்கிறேன். நடுவில் வந்த சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் எடுத்தேன், மறுபரிசோதனையில் சரியாகியிருந்தது. வீட்டில் எல்லோரும் படுத்தே இரு என்கிறார்கள். ஆனால் முழு ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்து வேறு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதால் வழக்கம்போல நடமாடுகிறேன். இப்போது வலியோ ரத்தக்கசிவோ நீர்க்கசிவோ இல்லை.

முதல் பிரசவம் குறைமாதமாகி, அடுத்த கர்ப்பத்தில் இதே போலக் கருப்பை வாய் குட்டையாகித் தையல் போட்டுக்கொண்டவர்களே, அதற்குப் பிறகு உங்களுக்கு எத்தனை வாரம் வரை தாங்கியது?