ஆதாரமே இல்லாமல் மைக் பியாஸாவை ஏன் காக்க வைத்தார்கள்?

கடைசி_இன்னிங்ஸ்:
பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து மூன்று வருடம்தான் ஆகிறது, பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி இப்போதுதான் படிக்கிறேன். பியாஸா விஷயம் மண்டையைக் குடைகிறது. 1988 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுப்பது) 62வது சுற்றில், 1390வது ஆளாக, அதுவும் குடும்ப நண்பரான மேனேஜர் டாமி லசோர்டாவின் சிபாரிசில் டாட்ஜர்ஸ் அணி எடுத்த பையன், கேட்சராக (அடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) ஆடியபோது மட்டும் 396 ஹோம் ரன் அடித்திருக்கிறார். வேறெந்த கேட்சரும் அவ்வளவு அடித்ததில்லை. ஊக்கமருந்து எடுத்தவர்களைப் பற்றிய 2007 மிட்செல் அறிக்கையிலும் அவர் பெயர் இல்லை. அப்படியும் பேஸ்பாலின் கௌரவப் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமுக்கு நிருபர்கள் நடத்தும் ஓட்டெடுப்பில், 2013இல் 57.8 சதவீதம்தான், வேண்டியது 75. முதுகில் பரு இருந்ததை வைத்து ஸ்டீராய்டு ஊக்கமருந்து போட்டார் என்று பேசினார்களாமே, நிஜமாகவா?

ஹூஸ்டன்_பழசு:
நிஜம்தான். நியூயார்க் டைம்ஸில் நெடுங்காலம் எழுதிய மர்ரி சாஸ் அந்தப் பருவைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார். ஸ்டீராய்டு போட்டால் முதுகில் பரு வரலாம், சரி. ஆனால் ஜூலை வெயிலில் மூன்று மணி நேரம் மார்புக் கவசத்தை முதுகோடு வார் போட்டு இறுக்கிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து எழுந்து, சட்டை நனைந்து ஒட்டிக் கிடக்கிறவனுக்கும் வரும். இதை வைத்து ஒருவர் நேர்மையை எடை போடலாமா?

எங்கள் ஜெஃப் பாக்வெல் கதை இன்னும் வேதனை. அவருக்குப் பரு கூட இல்லை. 1990இல் கீழ்மட்டமான மைனர் லீகில் 4 ஹோம் ரன், 1994இல் ஹூஸ்டனுக்கு 39, கை வேறு பருத்துவிட்டது, அவ்வளவுதான் குற்றச்சாட்டு. அந்த வருடம் ஒரு ஓட்டு கூடச் சிதறாமல் எம்விபி (வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) ஆனவருக்கு 2011 ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டெடுப்பில் 41.7 சதவீதம்தான் கிடைத்தது. ஏழாவது முறை, 2017இல்தான் உள்ளே போனார்.

இடது_கை_பிட்சர்:
ஓட்டுப் போட்டவர்கள் பக்கமும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் நண்பரே. 1998 ஆகஸ்டில் மார்க் மெக்வயர் லாக்கரில் ஆண்ட்ரோ (தசை வளர்க்க எடுக்கும் மாத்திரை) பாட்டில் இருந்ததைப் பார்த்து எழுதிய நிருபரைத்தான் எல்லாரும் திட்டினார்கள், மெக்வயரோ 70 ஹோம் ரன் அடித்துவிட்டு ஸ்டீராய்டு போட்டதை 2010இல்தான் ஒப்புக்கொண்டார். ரஃபேல் பால்மெய்ரோ 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் விரலை நீட்டி மறுத்தார், ஆகஸ்டுக்குள் சோதனையில் மாட்டினார். இப்படி அடுத்தடுத்து ஏமாந்தவர்கள் அடுத்து வருகிறவனையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். பியாஸாவே ஆண்ட்ரோவைக் கொஞ்ச காலம் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அது கடையில் கிடைத்த, தடை செய்யப்படாத பொருள். ஸ்டீராய்டு தொட்டதில்லை என்றும் சொன்னார்.

எனக்குக் கோபமெல்லாம் லீக் மேல்தான். ஸ்டீராய்டு கூடாதென்று 1991லேயே லீகின் தலைவரான கமிஷனர் சுற்றறிக்கை விட்டாகிவிட்டது, ஆனால் 2003 வரை சோதனை என்ற ஒன்றே இல்லை. ஒழுங்காகச் சோதித்திருந்தால் நிரபராதிக்குக் காட்ட ஒரு காகிதமாவது இருந்திருக்கும்.

ஃபென்வே_ரசிகன்:
அந்த 2003 சோதனையும் லட்சணமாக நடக்கவில்லை. பெயர் வெளியே வராது, 5 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ் வந்தால் அடுத்த வருடத்திலிருந்து தண்டனையோடு சோதனை, இதுதான் ஒப்பந்தம். ஆனால் எங்கள் பாஸ்டன் அணியின் டேவிட் ஆர்டிஸ் அந்தப் பாசிட்டிவ் பட்டியலில் இருப்பதாக 2009இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதற்கப்புறம் 2016இல் கமிஷனர் ராப் மான்ஃப்ரெட், அந்த முடிவுகளில் பத்துக்கு மேல் உண்மையான பாசிட்டிவ்தானா என்றே விஞ்ஞான ரீதியில் கேள்வி இருந்தது என்றார். ஆர்டிஸ் 2022இல் முதல் முறையிலேயே 77.9 சதவீதம் வாங்கி உள்ளே போனார். நான் சந்தோஷப்பட்டேன், அழுதேன் என்றே சொல்லலாம். அதே ஓட்டெடுப்பில் ஸ்டீராய்டு சந்தேகத்தில் சிக்கிய பேரி பாண்ட்ஸ் 66 சதவீதத்தோடு தன் பத்தாவது, கடைசி வாய்ப்பையும் இழந்தார்.

பியாஸா 2016இல், நாலாவது முறையில், 83 சதவீதம் வாங்கினார். நடுவில் புதிதாக ஒரு சாட்சியும் வரவில்லை, ஒரு சந்தேகமும் தீரவில்லை. ஆர்டிஸ் விஷயத்திலும் அப்படித்தான். எந்தப் பொருளுக்காக அவர் பெயர் பட்டியலில் ஏறியது என்று அவருக்கே யாரும் சொன்னதில்லையாம்.