ஃப்ளோரைடு ஆய்வு: தண்ணீர், பல், வீடு மூன்றையும் ஒரே திட்டத்தில் சேர்க்க முடியுமா?

களவேலை (கேள்வி)

தருமபுரி மாவட்டம் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பல் ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு மிகுதியால் பல்லில் விழும் கறை) பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்கு ஒரு வரைவு தயாராகிறது. நிலத்தடி நீர், சமூகப் பல் மருத்துவம், சமூகவியல் என்று மூன்று துறை வழிகாட்டிகள். இப்போதைய திட்டம்: 8 ஊர், ஊருக்கு 50 பள்ளிப் பிள்ளைகள். ஊருக்கு ஒரு போர்வெல்லில் ஜனவரியில் ஒருமுறை தண்ணீர் எடுத்து ஸ்பேட்ன்ஸ் முறையில் (சாயத்தின் நிறமாற்றத்தை வைத்து) ஃப்ளோரைடை அளப்பது. வீட்டுப் படிவத்தில் "குடிநீர் எங்கிருந்து?" என்று ஒரு கேள்வி. கடைசியில் தண்ணீரின் அளவையும் பல்லின் மதிப்பெண்ணையும் எதிரெதிரே வைத்து வரைபடம் போடுவது. இதில் எங்கே ஓட்டை விழும்?

பாறைநீர் (பதில்)

தண்ணீர்ப் பகுதியை மட்டும் சொல்கிறேன். அங்கே அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட் என்ற கடினப் பாறைகள். பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து வருகிறது. எந்தப் பாறை வெடிப்பில் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்கியது என்பதைப் பொறுத்து அளவு மாறும். ஒரே ஊரில் ஒரு போர்வெல் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழேயும் பக்கத்துத் தெருவில் இருப்பது 2-க்கு மேலேயும் காட்டலாம். ஊருக்கு ஒரு மாதிரி என்பதை விட்டுவிட்டு, குடிக்கப் பயன்படும் ஒவ்வொரு போர்வெல்லுக்கும், மேல்நிலைத் தொட்டிக்கும், தெருக்குழாய்க்கும் தனி எண் கொடுத்து, ஜி.பி.எஸ். குறித்து எடுங்கள். மே மாதம் ஒருமுறை, மழை முடிந்து ஜனவரியில் ஒருமுறை.

பாலிஎத்திலீன் பாட்டில்தான், கண்ணாடி வேண்டாம். மோட்டாரை ஓடவிட்டு, மின்கடத்துதிறனும் பி.எச்.சும் நிலைத்த பிறகு பிடியுங்கள். ஃப்ளோரைடு மாதிரியில் அமிலம் சேர்க்கக் கூடாது. உலோகங்களுக்கு அமிலம் விட்ட பாட்டிலிலிருந்தே ஃப்ளோரைடும் பார்ப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

ஸ்பேட்ன்ஸ் முறை 1.4 மி.கி./லிட்டருக்கு மேல் நேரடியாகப் படிக்காது, நீர்த்துத்தான் படிக்க வேண்டும். காரத்தன்மை, அலுமினியம், எஞ்சிய குளோரின் எல்லாமே அதைக் குழப்பும். அயனித்தேர்வு எலக்ட்ரோடுக்கு (ஃப்ளோரைடை மட்டும் மின்னழுத்தமாகக் காட்டும் கருவிமுனை) மாறிவிடுங்கள். மாதிரியும் டிஸாப் கரைசலும் (பி.எச்.சை நிலைநிறுத்தக் கலப்பது) சம அளவு கலந்தால் பி.எச். 5-க்கும் 5.5-க்கும் நடுவே நிற்கும். அதற்குக் கீழே போனால் ஃப்ளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து மறைந்துவிடும். மிகவும் மேலே போனால் ஹைட்ராக்சைடையும் எலக்ட்ரோடு ஃப்ளோரைடாக எண்ணும். அளவு முன்பே தெரிந்த 0.1, 1, 10 மி.கி. தரக்கரைசல்களிலும் அதே விகிதத்தில் டிஸாப் சேர்க்க மறவாதீர்கள். ஃப்ளோரைடு அளவு பத்து மடங்கு மாறும்போது எலக்ட்ரோடின் மின்னழுத்தம் 54 முதல் 60 மில்லிவோல்ட் மாறாவிட்டால் அன்றைய அளவீட்டை நிறுத்துங்கள்.

கால்சியம், சோடியம், பைகார்பனேட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். கால்சியம் நிறைய இருந்தால் ஃப்ளோரைடு அதனோடு சேர்ந்து படிந்து ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் மிகுந்த மென்னீரில்தான் ஏறும். அதாவது நாக்குக்குக் கடுக்காத "நல்ல தண்ணி"யில் ஃப்ளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டுப் படிவம் எழுதுபவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெண்படலம்

பெரிய ஓட்டை அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அளக்கும் தண்ணீர் இந்த ஆண்டினது. பல்லில் தெரியும் கறையோ எனாமல் உருவான காலத்தில், பிறப்பு முதல் சுமார் 8 வயதுக்குள் குடித்த தண்ணீரின் பதிவு. மேல் முன்பற்களுக்கு முதல் மூன்று ஆண்டுகளே முக்கியம். இன்றைய 2 மி.கி.யை எடுத்து 15 வயதுப் பிள்ளையின் பல்லோடு பொருத்தினால் இரண்டு வெவ்வேறு காலங்களைப் பொருத்துகிறீர்கள்.

அதிலும் உங்கள் மாவட்டத்தில் 2013 மே மாதம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்தவர்கள், வருமுன் முன்பல் உருவாகி முடிந்தவர்கள் என்று பிறந்த ஆண்டால் பிரித்தால் ஒப்பீடு தானாகவே அமைகிறது. இதை விட்டுவிடாதீர்கள், ஆய்வின் உயிரே இங்குதான். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தண்ணீர் உண்மையில் எந்த மாதம் வந்தது என்பதைத் திறப்பு விழா தேதியை நம்பாமல் ஊராட்சியில் கேட்டு எழுதுங்கள்.

பரிசோதனைக்கு டீன் குறியீடு (ஃப்ளோரோசிஸ் கறைக்கு மதிப்பெண் போடும் ஒரு முறை) எடுத்தால், மிக மோசமான இரு பற்களைப் பார்த்து, அவை சமமாக இல்லையென்றால் குறைவாகப் பாதித்த பல்லின் மதிப்பெண்ணைப் பதிய வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள் மோசமானதையே எழுதிவிடுவார்கள். இன்னொரு முறையான டி.எஃப். குறியீடு (0 முதல் 9) நுட்பமாகப் பிரிக்கும், ஆனால் பல்லைத் துடைத்து உலர்த்திப் பார்க்க வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள். எல்லா வெள்ளைப் புள்ளியும் ஃப்ளோரோசிஸ் ஆகிவிடாது: இருபுறமும் ஒத்து, குறுக்குக் கோடுகளாக ஓரம் கரைந்து தெரிந்தால் ஃப்ளோரைடு; ஒரே பல்லில், எல்லை தெளிவாக, வட்டமாக இருந்தால் பெரும்பாலும் வேறு காரணம். பத்தில் ஒரு பிள்ளையை மறுநாள் மறுபடி பார்த்து, இரு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் காப்பா மதிப்பு போடுங்கள்.

கொத்துக்கணக்கு

400 பிள்ளைகள் என்பது தோற்றம்தான். ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே தண்ணீரைக் குடிப்பதால் ஒருவரைப் போலவே இன்னொருவர் இருப்பார். ஊர்க்குள் ஒற்றுமை (பிள்ளைகள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு) 0.2 என்று வைத்தால், வடிவமைப்பு விளைவு, அதாவது எண்ணிக்கையை எதனால் வகுக்க வேண்டுமோ அது, 1 + (50 − 1) × 0.2 = 10.8. உங்கள் 400 பேர் 37 பேருக்குச் சமம். அதே 400-ஐ 40 ஊரில் ஊருக்கு 10 பேராக எடுத்தால் விளைவு 2.8, ஏறக்குறைய 143 பேருக்குச் சமம். பெட்ரோல் செலவு கூடும், ஆனால் முடிவு நிற்கும். பகுப்பாய்வில் பிள்ளை ஓர் அடுக்கு, ஊர் தனி அடுக்கு என்று வைத்த பல்லடுக்குப் புள்ளியியல் மாதிரி போடுங்கள்.

குடத்தடி

"குடிநீர் எங்கிருந்து?" என்று கேட்டால் வீட்டில் மரியாதையான பதிலைத்தான் சொல்வார்கள்: ஒகேனக்கல் தண்ணி. அதற்குப் பதில் "நேத்து காலையில குடிச்ச தண்ணி எந்தக் குழாயில பிடிச்சது? தண்ணி வராத நாள்ல எங்க போவீங்க? கஞ்சி காய்ச்ச எது?" என்று கேளுங்கள். குடத்தைக் காட்டச் சொல்லி அதிலிருந்தே 100 மி.லி. எடுங்கள். தொட்டி ஆபரேட்டரிடம் காவிரித் தண்ணீரோடு போர்வெல் தண்ணீரையும் ஒரே தொட்டியில் ஏற்றுகிறாரா, எந்த மாதங்களில் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பேறுகாலத்துக்குத் தாய் வீடு எந்த ஊர், எத்தனை மாதம் இருந்தார்? தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவு, ஆகையால் தண்ணீர் சேர்த்த பவுடர் பாலோ கேழ்வரகுக் கஞ்சியோ எந்த மாதம் தொடங்கியது என்பதே கணக்கு. அப்பா அம்மா வேலைக்குப் பெங்களூரோ திருப்பூரோ போனபோது பிள்ளையும் போனதா? இதைக் கேட்காவிட்டால் அந்தப் பிள்ளை தவறான போர்வெல்லின் கணக்கில் ஏறிவிடும்.

களவேலை

ஊர்களை 40 ஆக்குகிறோம், பிறந்த ஆண்டுவாரியாகப் பிரிக்கிறோம். அனுமதி வரிசை? முடிவை ஊரில் சொல்வது எப்படி?

குடத்தடி

நெறிமுறைக் குழு முதலில், பிறகு முதன்மைக் கல்வி அலுவலர், பிறகு தலைமையாசிரியர். பெற்றோர் கையெழுத்து எல்லாருக்கும் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவு, அதற்கு மேல் 18 வரை எழுத்து இசைவு. வகுப்பில் எல்லார் முன்னும் வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள். கறைப்பல் கேலிக்கு ஆளாகும் விஷயம், பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு வரை போகும்.

முடிவைச் சொல்லும்போது ஊர்ச் சராசரி வேண்டாம். எந்தக் குழாய் 1 மி.கி.க்குள், எது 1.5-ஐத் தாண்டியது என்று குழாய்வாரியாக ஒட்டுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றுவதால் அளவு ஏறும் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காவிரித் தண்ணீர் குறைவாக வரும் நாளில் ஒரு குடம் மட்டும் கிடைத்தால் அதை யாருக்கு வைப்பது என்று தாய்மார்கள் கேட்பார்கள். 8 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளின் குடிநீருக்கும் கஞ்சிக்கும் முதலில். குளிக்க, பாத்திரம் கழுவப் போர்வெல் தண்ணீர் போதும்.